துரையின் தொப்பி

"தொரசாணி அம்மா கண்டுபிடிச்சிட்டா என் கதி என்னாங்க தொரை?"

அழகுமுத்து துரையிடம் கேட்டான். அவன் அந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பங்களா வேலைக்கு வந்து ஒரு வாரந்தான் ஆகிறது. ஆற்றோரப் புதர் மறைவில் துரை தன் கோட்டை அவனுக்கு மாட்டி, தொப்பியையும் கண் வரை இழுத்துவிட்டார்.

"இந்தப் பனிமூட்டத்துல மூஞ்சி தெரியாது. தொரசாணி கூப்பிட்டா கையை மட்டும் தூக்கு. வாயைத் தொறக்காத. விஷயம் வெளியே வந்தா வேலையிலேருந்து ஒன் பேரை வெட்டிருவேன். தோட்டத்து லயத்து வீட்டுலயும் இருக்க முடியாது."

தூண்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தோட்டத்துப் பங்களா இருக்கும் பக்கமாகத் துரை காட்டுக்குள் மறைந்தார்.

அழகுமுத்து முழங்கால் அளவு ஆற்றில் நின்று, காலையில் துரை வீசியதைப் போலவே வீசினான். அக்கரையில் துரைசாணி நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவன் கழுத்தில் ஓர் அட்டை ஏறியது. துரைமார் அட்டையை எப்படிப் பிடுங்குவார்கள் என்று தெரியாததால் அதைத் தொடவே இல்லை.

துரைசாணி துரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் கையைத் தூக்கினான். அவளோ எழுந்து தண்ணீரோரமாக நடந்து வந்தாள்.

'முனியாண்டி சாமி, ஒரு மீனு மாட்டட்டும். மீனைப் பாத்தா அம்மா நம்பிருவாங்க' என்று வேண்டிக்கொண்டான்.

தூண்டிலை ஏதோ வெடுக்கென்று இழுத்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துள்ளியது. அழகுமுத்து அதைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினான்.

துரைசாணி அப்படியே நின்றுவிட்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல தொரை ஒரு மீன்கூடப் புடிச்சதில்ல," என்றாள் தோட்டத்துத் தமிழில். "யார் நீ? தொரை எங்க?"

அழகுமுத்து வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கினான்.