நீலக் கோடு

"நீ கஷ்டப்பட்டு எழுதினேங்கிறதுக்காக வெச்சுக்க முடியாதும்மா. பலன் இல்லைன்னா எடுத்துட வேண்டியதுதான்" என்றார் மேலாளர்.

பேருந்து முன்பதிவுச் செயலி தயாரிக்கும் அலுவலகம் அது. அங்கே எந்தப் புது வசதியும் முதலில் சோதனைதான். பயணிகளில் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். பலன் தெரிந்தால் எல்லோருக்கும் வரும், இல்லாவிட்டால் அன்றைக்கே போய்விடும். இந்த முறையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் மேலாளர். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்திலேயே ஏகப்பட்ட வசதிகளை வெட்டித் தள்ளி, 'கத்தரி' என்ற பட்டப்பெயரும் வாங்கியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒரு புரோகிராமர் பெண். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அடுத்தடுத்த இருக்கைகளைத் தானே தேடித் தரும் வசதியை அவள் ராப்பகலாக உழைத்து எழுதியிருந்தாள். அதன் முடிவு எந்த நேரமும் வரலாம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காவது அதை விட்டுவைக்கும்படி கெஞ்சிப் பார்த்தாள்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான்" என்று சிரித்தார் மேலாளர். "அதனாலதானே முடிவைப் பேர் போடாம காட்டறோம்."

அப்போது இயக்குநர் அம்மா உள்ளே வந்தார். வழக்கம்போலத் திரையில் இரண்டு கோடுகள், ஒன்று நீலம், ஒன்று பச்சை. ஒரு பக்கம் புதிதாக ஒன்றைச் சேர்த்ததாகவும், மறு பக்கத்தைப் பழையபடியே விட்டதாகவும் மட்டும் சொன்னார். எது எந்தப் பக்கம் என்பதைத் தீர்ப்புச் சொன்ன பிறகே வெளியிடுவது அங்கே வழக்கம்.

மேலாளர் திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். நீலத்தில் கோளாறுகள் அதிகம். அவற்றைச் சரிசெய்யப் பிடித்த நேரமும் அதிகம். பச்சையோ நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? நீலத்தைத் தூக்கிடலாம்."

இயக்குநர் தயங்கினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"தாட்சண்யம் பார்த்தா தரம் போயிடும் மேடம். இன்னைக்கே தூக்கிடுங்க."

"சரி, உங்க முடிவு அதுன்னா அப்படியே செஞ்சிடலாம். புதுசு இருக்கறது நீலத்துலதான்."

பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன. மேலாளருக்கே மனசு கேட்கவில்லை. தோல்வியைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த முறை இன்னும் நன்றாக வரும் என்று உண்மையான அக்கறையோடு அவளைத் தேற்றினார்.

"நீ ஏம்மா கலங்கறே? உன் முடிவு அடுத்த வாரம்தான் வரும்" என்ற இயக்குநர், மேலாளர் பக்கம் திரும்பினார். "இது நம்ம ரெண்டு டீமை வெச்சுப் பண்ணின சோதனை சார். பச்சை, மேலாளரே இல்லாம வேலை செஞ்ச டீம். நீலத்துல நாங்க புதுசா சேர்த்தது உங்களைத்தான்."