தளபதியின் ரோஜா

போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓர் ஆடு புகுந்தது. கல்லெல்லாம் ஒரே உயரம். ஆனால் பெரிய மலர்வளையம் இருக்கும் இடத்தில்தான் பெரிய ஆள் இருப்பார் என்று அதற்குத் தெரியும். தளபதியின் கல்லைக் கண்டுபிடித்து ரோஜாக்களைத் தின்னத் தொடங்கியது.

"முன்னாடி இருக்கிற கல்லுல பேரே இல்லையே, யாரது?" என்று மரத்திலிருந்த காக்கையைக் கேட்டது.

"யாருன்னே தெரியாத ஒரு சிப்பாய். அத்தனை போரை ஜெயிச்ச தளபதி, உயிரோட இருந்தவரைக்கும் வருஷா வருஷம் வந்து இவருக்குத்தான் பூ வச்சு சல்யூட் அடிப்பாரு. செத்ததும் இவர் காலடியிலதான் புதைக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு."

ஆட்டின் தாடை அசையாமல் நின்றது. வாயில் மிச்சமிருந்த ரோஜாவைப் பேரில்லாத கல்லின் முன்னால் மெதுவாக வைத்தது.

"தளபதி கொடுத்தனுப்பினாருங்க," என்றது. "அவரால எழுந்து வர முடியலை."