மச்சான் ஏன் வரவில்லை

கோயம்புத்தூரில் வீட்டுக்கு வீடு மனக்குறை கேட்கும் இயந்திரம் வந்துவிட்ட பிறகும் நறுமுகை உளவியல்தான் படித்தாள். "மெசினு செய்யற வேலைக்கு உன்னய யாரு கூப்புடுவாங்க?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு மருத்துவமனை கூப்பிட்டது. ஒருவரிடம் இரண்டு முறை ஆலோசகராகப் பேசிக் காட்டவேண்டும், அதுதான் தேர்வு. வந்தவர் பேக்கரி நஞ்சப்பன். மகள் கல்யாணத்தில் மாமன் சீர் செய்ய மச்சான் வராமல் போனதை நான்கு வருடமாக வீட்டு இயந்திரத்திடம் புலம்பிக்கொண்டிருப்பவர்.

இரண்டாம் முறை அவர் வந்து உட்கார்ந்தார். போன வாரம் கேட்டதில் பாதி நறுமுகைக்கு நினைவில் இல்லை.

"ஏனுங்கண்ணா, உங்க மச்சான் எதனால வரலைன்னு சொன்னீங்க?"

பக்கத்தில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த டாக்டர் வசுந்தரா நிமிர்ந்து பார்த்தார்.

"மழைன்னு சொன்னானுங்க. பஸ்சு பாலத்துல நின்னுபோச்சாமா." சொல்லிவிட்டு நஞ்சப்பனே சிரித்துவிட்டார். "மெசினு எதையும் மறக்காதுங்க. நான் திட்டுனதையெல்லாம் அப்படியே எடுத்துக் குடுக்கும், எனக்கும் பத்திக்கும். இப்ப மொதல்ல இருந்து சொல்லிப் பாக்கறேன், கோவமே வரமாட்டேங்குது."

அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டு, "கடைக்கு வாடா, பன்னு சூடா இருக்குது" என்றார்.

அவர் போனதும் வசுந்தரா கேட்டார்: "வேணும்னே மறந்த மாதிரி கேட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். சின்ன வயசுல இருந்தே இப்படித்தானுங்க."

"திங்கக்கிழமை வேலைல சேர்ந்துக்கோங்க."

கதவு வரை போனவளை மறுபடியும் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை. மறந்துடாதீங்க."