இடது கால் சாக்ஸ்

"என்னது, ஆர்டர் இல்லையா?"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் சாக்ஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி பக்கத்தில் இருந்த நூல் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் பெரிய கடையின் மேனேஜர். "நம்ம நாட்டுல பண்ணின சரக்கை விக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா கப்பல்ல வர்ற சாக்ஸ் போட்டா பஞ்சு மாதிரி இருக்கு. ஜனங்க அதைத்தானே கேக்கறாங்க?"

இந்த ஆர்டரும் கைநழுவினால் அடுத்த மாதம் ஃபாக்டரிக்குப் பூட்டுதான். அத்தனை குடும்பமும் நடுத்தெருவில் நிற்க வேண்டும், மாஸ்டர் குடும்பம் உட்பட. இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று அவர் துணிந்துவிட்டார்.

"சார், அந்த வெளிநாட்டு சாக்ஸ் மாதிரியே நாங்களும் ஒண்ணு பண்ணியிருக்கோம். லேபிளைக் கிழிச்சுட்டு ஒரு கால்ல நம்மது, ஒரு கால்ல அவங்களது மாட்டி விடறேன். நடந்து பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

"எது எதுன்னு முன்கூட்டியே சொல்லக் கூடாது."

"சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன் சார்!"

மாஸ்டர் செக்கிங் மேஜைக்கு ஓடினார். மாதிரிக்கு வாங்கி வைத்திருந்த வெளிநாட்டு ஜோடி, நம் ஜோடி, இரண்டும் ஒரே சாம்பல் நிறம். லேபிள்களைக் கிழித்துவிட்டு, குழம்பிவிடக் கூடாதே என்று நம் ஜோடியை மேலேயும் மற்றதைக் கீழேயும் ஒரு தட்டில் அடுக்கினார். "இதைக் கொஞ்சம் கொண்டு வாங்கக்கா," என்று செக்கிங் அக்காவிடம் சொல்லிவிட்டு நாற்காலி தேடிப் போனார்.

அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மாஸ்டரே மண்டி போட்டு, மேலே இருந்த ஜோடியில் ஒன்றை மேனேஜரின் இடது காலிலும் கீழே இருந்ததில் ஒன்றை வலது காலிலும் மாட்டினார்.

மேனேஜர் ஹாலின் கோடி வரை நடந்தார். திரும்பி வரும்போது முகம் சுளித்திருந்தது.

"வலது கால்ல இருக்கறது சாக்ஸா, சாக்கா? விரல் பக்கம் உறுத்துது, கணுக்கால்ல கவ்விப் பிடிக்குது. ஆனா இடது... அடடா! போட்டிருக்கறதே தெரியலை. எனக்கு இதுதான் வேணும். எது இது?"

"நம்மது சார்! இடது கால்ல இருக்கறது நம்மது!" என்று கூவினார் மாஸ்டர்.

மேனேஜர் குனிந்து இடது காலைத் தடவிப் பார்த்தார். "நம்மதா? நிஜமாவா? இத்தனை வருஷமா கண்ணு இருந்தும் குருடனா இருந்திருக்கேனே!"

மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வலது கால்ல இருக்கறதைப் பண்ணினவங்க கையை முறிக்கணும் சார்!" என்றார். ஹாலே சிரித்தது.

"ஒரு லட்சம் ஜோடி எடுத்துக்கறேன்," என்றார் மேனேஜர். "ஆனா இழை பிசகாம இடது கால் மாதிரியே இருக்கணும். ஒண்ணே ஒண்ணு வலது கால் மாதிரி வந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவேன்."

முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மேனேஜரின் கண்ணாடி நழுவியது. இருவரும் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள்.

செக்கிங் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"மாஸ்டர், நிஜமாவே நம்மதைத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாரா?"

"பின்னே? எல்லாம் உங்க கைராசி அக்கா!"

"ராசி என்ன ராசி, சாக்ஸைக் கண்டா என் கை சும்மா இருக்காதே! தட்டைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஜோடியையும் ஒரு தடவை செக் பண்ணிட்டேன். எப்பவும் போல முதல்ல பார்த்ததை அடியில வச்சு, அடுத்ததை அது மேல வச்சுட்டேன். அப்புறம்தான் பக்குன்னு இருந்துச்சு. ஆனா உங்களுக்கா தெரியாது? அடியில இருந்த நம்ம சாக்ஸைத்தானே மாஸ்டர் இடது கால்ல மாட்டினீங்க?"