தானாக ஓடும் பாலம்

“அது தானா ஓடிக்கினு கீது சார். பாக்க ஒரு ஆளும் வாணாம்.”

பொன்ராஜ் இதைத் தானாகச் சொன்னாரா, மேனேஜர் ஜெபின் கேட்டதற்குச் சொன்னாரா என்பது மலருக்குச் சரியாக நினைவில்லை. அதன்பிறகு ஜெபின் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

துறைமுகத்துக் கன்டெய்னர் கேட்டுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி. நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று சேமித்துவைக்க, ராயபுரத்துப் பழைய ஆபீசில் எஸ்விஎன் என்ற பழைய மென்பொருள். எண்ணூர்ப் புது ஆபீசில் கிட் என்ற புதியது. இங்கே சேமித்தது அங்கே தெரியாது.

எல்லோரும் கிட்டுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, “அந்தப் பேஜாரு நமக்கு ஆவாது” என்று உட்கார்ந்துவிட்டவர் ராயபுரத்து ஆபீஸ் பொன்ராஜ். மலரை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். இரண்டையும் இணைக்கப் பாலமாக ஒரு நிரல் எழுதுகிறேன் என்றாள் மலர். பாலம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பொன்ராஜ் கிட்டுக்கு மாறாமலே வேலையில் இருக்கலாம் என்றார் ஜெபின். அடுத்த மாதத்திலிருந்து இங்கே சேமித்தது அங்கே போனது, அங்கே திருத்தியது இங்கே வந்தது.

“இங்க ரெண்டு பேர் இருக்கீங்க. ஒருத்தர் போதும்னு மேல சொல்லிட்டாங்க,” என்றார் ஜெபின்.

மலர் முந்திக்கொண்டாள். “அண்ணன எடுத்துறாதீங்க சார். கேட் வேலை பூரா அவர் தலைலதான் கீது.”

“அவர எடுக்கல மலர். பாலத்தப் பாத்துக்கத்தானே நீங்க? அதுதான் தானா ஓடுதே.”

பொன்ராஜின் முகம் வெளிறியது. “இன்னா சார் இது? அந்தப் புள்ள வேலைய மெச்சிக்கினுதான நான் சொன்னேன்.”

மலர் வாய் திறந்தாள். பொன்ராஜைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“இன்னாவோ சொல்ல வந்தியே பாப்பா, சொல்லு.”

“ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் ஓடுது.”

மலர் இப்போது மணலி புதுநகரில் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். ஜெபின் அதே நாற்காலியில் இருக்கிறார். மலர் போன அடுத்த வாரமே பாலம் நின்றது, பொன்ராஜின் வேலையும் போனது. பாலம் என்று ஒரு நிரல் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருந்ததில்லை. எழுதிப் பார்த்துத் தோற்றுப்போன மலர்தான், இரண்டு பக்கமும் சேமித்ததையெல்லாம் தினமும் தன் கையால் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தாள்.