பேட்டரி சிகரெட்டுக்கு ஒரு குழாய்

வளைகுடாவின் அல் ஐன் ஊரில், பட்டறையின் தகரக் கூரை மதிய வெயிலில் படபடவென்று வெடிக்கிறது. சாரம் கட்டும் ரெங்கராஜின் பேட்டரி சிகரெட், கட்டட சைட்டின் சூட்டில் பிளாஸ்டிக் விரிசல் விட்டு, கறுப்பு டேப் சுற்றிக் கிடக்கிறது. அதற்குப் புதுக்கூடு செய்ய, கடைசல்காரன் அருள்முருகன் மூன்று குழாய்த் துண்டுகளை மேசையில் உருட்டுகிறான். "பித்தளை பச்சை பூத்துரும்ணே, வாயில வைக்கிறது. அலுமினியம் லேசு, கீழ விழுந்தா நசுங்கிரும்." எவர்சில்வர் துண்டில் காந்தத்தை வைக்கிறான். அது ஒட்டாமல் வழுக்கி விழுகிறது. "பாத்தீங்களா, அசல் சரக்கு. துடைக்கக்கூட வேணாம், ஆயுசுக்கும் தாங்கும்." காந்தத்தை எடுக்கக் குனிந்தவனின் கண் ரெங்கராஜின் மடியில் படுகிறது. அங்கே ஆஸ்பத்திரியின் பெரிய பழுப்பு உறை இருக்கிறது. நுரையீரல் படத்தைப் பார்த்து டாக்டர் இந்தியில் சொன்ன 'இன்னும் ஆறு மாசம்தான்' என்பதைக் காலையில் அவருக்குத் தமிழில் சொன்னவனே அருள்முருகன்தான். கடைசல் எந்திரத்திலிருந்து சூடான எண்ணெய் சொட்டுகிறது. ரெங்கராஜ் இருமி முடித்து, மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கனம் பார்க்கிறார்.

"அப்ப எனக்கு அலுமினியமே போதும்ப்பா."