வேல மரத்தின் கோபம்

வேலங்காயோடு சேர்த்துத் தன்னை விழுங்கிய ஆட்டை அந்த விதை மறக்கவே இல்லை. தூரத்துப் பட்டியில் ஆடு அசைபோட்டுத் துப்பிய இடத்திலேயே முளைத்து, முள்ளும் கோபமுமாக மரமாகி நின்றது.

மழை பொய்த்த ஒரு கோடையில் அதே ஆடு, கிழடாகி, ஒட்டிய வயிற்றோடு வந்தது.

"தாயி, பசி உயிர் போகுது. நாலு காய் போடேன்."

"என்னை விழுங்கின வாயாலேயே கேக்கிறியே, வெக்கமா இல்லை?"

"விழுங்கினது நெசந்தான். விழுங்காத உன் கூடப்பிறந்ததெல்லாம் தாய் நிழல்லயே வண்டு துளைச்சு மக்கிப்போச்சு. கல்லு மாதிரி இருந்த உன் தோல் என் வயித்துச் சூட்டுலதான் இளகுச்சு."

மரம் கிளைகளை உலுக்கியது. காய்கள் மழையாக உதிர்ந்தன.

"கோபம் தீரலை, சொல்லிட்டேன். வயிறாரத் தின்னு. கொட்டையை மட்டும் கடிச்சிராதே, தூரமாக் கொண்டுபோய்த் துப்பு. எல்லாம் என் பிள்ளைங்க."